பித்தளை மேசையில் இரும்பு ஆணிகள்

நான் அந்தத் தோட்டத்துக்கு ஆசாரியாக வந்த மூன்றாம் வருஷம், கொழுந்து உருட்டும் மேசையின் பித்தளைத் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. இறுக்கி வைத்தால் அரை நாள் வேலை என்றுதான் நினைத்தேன். அது ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. அதற்குள் ஒரு மனிதர் பெண்டாட்டி பிள்ளைகளோடு தோட்டத்தை விட்டே போய்விட்டார். போக வைத்தது நான்தான்.

இலங்கையில், பதுளைக்குப் பக்கத்தில், ஹாலிஎலவுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம் அது. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். எந்தச் சாமானும் அங்கிருந்து மாட்டு வண்டியில்தான் வரவேண்டும். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பேச்சில் ஸ்டோர் என்போம். அதன் கீழ்த்தளத்தில் அந்த மேசை இருந்தது. ஆள் கை நீட்டினால் எட்டாத அகலத்தில் வட்டமான மரமேசை. மேலே பித்தளைத் தகடு போர்த்தியிருக்கும். நடுவிலிருந்து விளிம்புவரை பித்தளை வரம்புகள் ஓடும். வாடின கொழுந்தை அதன்மேல் போட்டு இயந்திரம் உருட்டும்போது பச்சைச் சாறு ஒழுகி மேசை முழுக்க நனையும். பருவ காலத்தில் அந்த மேசை காய்ந்து நான் பார்த்ததில்லை.

தகட்டை மரத்தோடு பிடித்திருந்தவை பழைய பித்தளைத் திருகாணிகள். பாதிக்கு மேல் தலை மழுங்கித் திருப்புளி பிடிக்கவில்லை. புதிது வேண்டுமென்றேன். பித்தளையில் அந்த அளவு வேண்டுமானால் கொழும்புக்கு எழுத வேண்டும், வர ஒரு மாதம் ஆகும். கொழுந்து குவிந்துகொண்டிருந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை என்னிடம், "பதுளையில் கிடைக்கிறது வாங்கு. நாளைக்கு மேசை ஓடணும்" என்று சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார்.

பதுளைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் விற்ற முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம்தான் எங்கள் தோட்டத்துக்கு வாடிக்கை; நானா என்று கூப்பிடுவோம். அவரிடம் அதே நீளத்தில் இரும்புத் திருகாணி இருந்தது. சீமைச் சாமான். ஒன்றை எடுத்து விரலால் சுண்டினேன்; நன்றாக மணி போல் சத்தம் வந்தது. இரும்பு பித்தளையைவிடப் பலம் என்பது யாருக்குத்தான் தெரியாது? பழையவற்றில் நல்லதாக இருந்த ஏழெட்டை மட்டும் ஒரு ஓரத்தில் அப்படியே விட்டுவிட்டு, மற்ற எல்லாத் துளையிலும் இரும்பை ஏற்றினேன். மிச்சம் இருந்தவற்றில் கொஞ்சத்தை மேசையின் வெளி விளிம்பில் மரத்தோடு மரம் சேரும் இடத்தில் போட்டேன். இன்னும் கொஞ்சம், மேல்தட்டில் கொழுந்து வாட்டும் பலகைகளுக்குப் போயிற்று. மேசை கல்லுப் போல நின்றது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கையால் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மூன்று மாதம் இருக்கும். தூள் சலிக்கும் பெண்களில் ஒருத்தி சல்லடையிலிருந்து கறுப்பாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து டீமேக்கர் ஐயாவிடம் கொடுத்தாள். திருகாணித் தலை. தலை மட்டும்தான்; உடம்பு இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"ஆசாரி, இது என்ன?"

"ஆணித் தலைங்க ஐயா."

"தலைன்னு எனக்கும் தெரியுது. லண்டன்ல எவனோ பெட்டியத் திறக்கிறப்ப இது இருந்தா என்ன ஆகும்?"

நான் போய் மேசையைப் பார்த்தேன். பித்தளை மேல் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் எழுது மசி கொட்டினது போல் கறுப்பு. திருப்புளியை வைத்து அழுத்தினேன். ஆணி திரும்பவில்லை; உதிர்ந்தது. ஒன்றை இடுக்கியால் பிடித்து இழுத்தபோது, தகட்டுக்கு நேர் கீழே இருந்த இடம் ஈர்க்குச்சி போல் தேய்ந்திருந்தது. மரத்துக்குள் இருந்த நுனி மட்டும் மரை தெரிய அப்படியே இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துரு பிடித்தால் முழுக்கப் பிடிக்க வேண்டும். இடுப்பை மட்டும் எது தின்னும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானாவிடம் போனேன். தாளில் சுற்றிக் கொண்டுபோன துண்டுகளைக் கல்லா மேல் கொட்டினேன்.

"நானா, நீங்க குடுத்த சாமான் இதுதான்."

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கோபிக்கவில்லை. "இதே பொட்டியிலதான் என் வீட்டுக் கதவுக்கும் போட்டிருக்கேன். வாங்க, காட்டுறேன்" என்று எழுந்து கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். சமையல்கட்டுக் கதவு. கீல் ஆணிகள் லேசாகப் பழுப்பேறி இருந்தன, அவ்வளவுதான். அவர் ஒன்றை எனக்கு முன்னாலேயே கழற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப முடுக்கினார்.

"நான் பொய் சொல்ற ஆளில்ல, ஆசாரியார். அங்க என்னமோ நடக்குது."

அங்கே என்னமோ நடக்கிறது என்ற அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். வேறு கடையில் இன்னும் கனமான ஆணி வாங்கி அடுத்த நாள் ஏற்றினேன். அதுவும் இரண்டரை மாதத்தில் கறுக்கத் தொடங்கிற்று. மேல்தட்டில் ஏறி, அங்கே போட்ட ஆணிகளைப் பார்த்தேன். புதிது போல் இருந்தன. வீட்டில் ஒரு சட்டியில் கொழுந்துச் சாற்றை ஊற்றி நாலு ஆணியைப் போட்டு வைத்தேன். கறுத்தன, ஆனால் தேயவில்லை. என் பெண்சாதி அந்தச் சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "யாருக்குங்க மருந்து காய்ச்சுறீங்க?" என்று கேட்டாள். ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒரு ஆசாரிக்கு ஆணி விஷயத்தில் அறிவு குழம்பினால் வேறு என்ன மிஞ்சும்?

அந்த மேசையில் வேலை செய்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திருச்சிப் பக்கத்து ஆள். இயந்திரத்துக்குக் கொழுந்து ஊட்டுவதும், ஓட்டம் நின்ற பிறகு மேசையைக் கழுவுவதும் அவர் வேலை. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் மாலை மேசையைப் பார்க்கப் போனபோது அவர் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு உருண்டை. பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் கரைத்த தண்ணீர்.

"என்னண்ணே அது?"

"புளி. வெறுந்தண்ணியில கழுவினா பித்தளை மங்கிப் போவுது. புளி போட்டாத்தான் துரைக்கு முகம் தெரியற மாதிரி இருக்கும்."

புளி. எனக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கிவிட்டதாக இருந்தது. புளி இரும்பைத் தின்னும். இரும்புச் சட்டியில் யாராவது புளிக்குழம்பை மிச்சம் வைப்பார்களா? நாலு மாதக் குழப்பம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்த சந்தோஷத்தில் நேராக டீமேக்கர் ஐயாவிடம் ஓடினேன். அவர் துரையிடம் சொன்னார்.

மறுநாள் பெரட்டுக்களத்தில், விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற இடத்தில், கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் சொன்னார். புளி போட்டு ஸ்டோர் மேசையைக் கெடுத்தவன் இன்று முதல் மலைக்கு, புல் வெட்டப் போக வேண்டும். யார் சொல்லித் தெரிந்தது என்றும் சேர்த்துச் சொன்னார்: "ஆசாரி கண்ணால பாத்திருக்கான்."

அண்ணன் வரிசையிலிருந்து விலகி என் பக்கம் வந்தார். குரல் உயரவில்லை.

"ஆசாரி, விளிம்புல மரத்துல அடிச்சிருக்கீங்களே ஆணி, அதுவும் அந்தப் புளித் தண்ணியிலதான் நனையுது. தகட்டுல விழுற தண்ணியெல்லாம் அதும்மேலதான் ஒழுகுது. அது ஏன் போவல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். களத்தில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தேன்.

ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் அவரை 'புளி' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். முதலில் விடலைகள், பிறகு எல்லோரும். குழாயடியில் அவர் பெண்சாதி குடம் வைத்தால், "புளிவீட்டுக் குடத்தக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றார்கள். ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வேலையிலிருந்து விடுவிக்கிற பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு பூனாகலைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். எங்கள் தோட்டத்திலேயே கட்டிக்கொடுத்திருந்த அவருடைய தங்கை மட்டும் இங்கே இருந்தாள். அவள் என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அண்ணன் மலைக்குப் போன அன்றே புது இரும்பு ஆணி ஏற்றியிருந்தேன். மேசையை வெறுந்தண்ணீரில் மட்டும் கழுவச் சொன்னேன். பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு நாள் தவறாமல். மூன்றாம் மாதம் மறுபடியும் மசி. மறுபடியும் தலை கையோடு வந்தது.

அன்று ஓட்டம் நின்ற பிறகு மேசையடியில் உட்கார்ந்துகொண்டேன். ஆள் யாருமில்லை. ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுப் பார்த்தேன். தகட்டில் இருந்த இரும்பெல்லாம் போயிருந்தது. விளிம்பில் மரத்தில் இருந்த இரும்பு, அவர் சொன்னபடியே, கறுத்திருந்தாலும் திருப்புளிக்குப் பிடி கொடுத்தது. முதலில் நான் விட்டுவைத்த ஏழெட்டுப் பித்தளை ஆணிகள், தலை மழுங்கினவை, அவை மட்டும் தகட்டோடு தகடாக ஒட்டிக்கொண்டு இருந்தன. சாறு எல்லாவற்றுக்கும் ஒரே சாறு. சாறு மட்டும் குற்றமில்லை, இரும்பு மட்டும் குற்றமில்லை. பித்தளையை ஒட்டி நின்ற இரும்புதான் போகிறது. ஏன் என்று கேட்டால் அன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று இனிச் சொல்ல முடியாது.

நானாவிடம் சொல்லிக் கொழும்பிலிருந்து பித்தளை ஆணி வரவழைத்தேன். ஏற்றினேன். மூன்று மாதம் போயிற்று, நாலு போயிற்று. ஒன்றும் அசையவில்லை. தகட்டில் ஒரு கறுப்பு இல்லை.

அந்தச் சமயம் புது இயந்திரம் பூட்டக் கொழும்பிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்திருந்தார். டீமேக்கர் ஐயாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு தேய்ந்த ஆணியைக் காட்டிக் கேட்டேன். அவர் அதைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பவும் வேலையில் குனிந்தார். ஐயா எனக்குத் தமிழில் சொன்னார்:

"பித்தளை பெரிய மனுசனாம், இரும்பு சின்ன மனுசனாம். ரெண்டும் ஒட்டி நின்னு நனைஞ்சா, சின்னவன் தேஞ்சு போவானாம். பெரியவன் அப்படியே இருப்பானாம்."

"ஏனாம்?"

"அது கேட்டேன். சொன்னாரு. எனக்குப் புரியல."

புளியைப் பற்றியும் கேட்கச் சொன்னேன். புளி போட்டால் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும், போடாவிட்டாலும் நடக்கும் என்றாராம். நான் துரையின் பங்களாவுக்குப் போய், தப்பு என்னுடையது, இரும்பை ஏற்றினதுதான் தப்பு என்றேன். "சரி. இப்போ மேசை ஓடுதா?" என்று துரை கேட்டார். ஓடுகிறது என்றேன். "சரி, போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் பண்டாரவளை போய், அங்கிருந்து பூனாகலைக்கு நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. அண்ணனுடைய லயத்தைக் கண்டுபிடிக்கப் பொழுது சாயும் நேரமாகிவிட்டது. வாசலில் மண்வெட்டிக்குப் பிடி செருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை. அவர் பெண்சாதி மட்டும் உள்ளேயிருந்து ஒரு சாக்கைக் கொண்டுவந்து போட்டாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விளிம்பு ஆணி, பழைய பித்தளை ஆணி, இஞ்சினியர் சொன்னது, துரையிடம் போனது, ஒன்றும் விடவில்லை. அவர் பிடியைச் செருகி முடித்துவிட்டுக் கேட்டார்.

"தொரைகிட்ட எங்க வச்சு சொன்னீங்க?"

"பங்களாவுல."

"யாரு இருந்தா?"

"தொரையும் நானும்தான்."

"என் பேரை எங்க வச்சு சொன்னாங்க, ஆசாரி?"

அவர் பெண்சாதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவும் முடியவில்லை, வைத்துவிட்டு வரவும் முடியவில்லை. குடித்தேன். "வாறேண்ணே" என்றேன். அவர் "ம்" என்றார்.

எல்லோர் முன்னாலும் பெரட்டில் சொல்ல வேண்டுமென்று கேட்டேன். பெரட்டில் பேச ஆசாரிக்கு என்ன உரிமை? கணக்கப்பிள்ளை முடியாது என்றுவிட்டார். டீமேக்கர் ஐயாதான், "அவன் வாயால கெட்டது, அவனே சொல்லட்டுமே" என்று துரையிடம் கேட்டு வைத்தார். ஒரு புதன்கிழமை, பனி இன்னும் கலையாத நேரம். வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். துரை குதிரை மேல் இருந்தார். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

"புளியால இல்லீங்க. அந்த அண்ணன் மேல குத்தம் இல்ல. நான் பித்தளையில இரும்ப அடிச்சேன். ரெண்டும் ஒண்ணா நனைஞ்சா இரும்பு தேஞ்சு போயிரும். அது எனக்குத் தெரியல. தெரியாம அவரைச் சொல்லிட்டேன்."

வரிசைக்குள்ளிருந்து ஒரு கிழவர், "இரும்பப் பித்தள தேய்க்குமாப்பா? இரும்புதானே பித்தளையத் தேய்க்கும்?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. துரை தனக்குத் தெரிந்த தமிழில், "என்ன, பித்தளை கடிக்குதா?" என்றார். நான் மறுபடியும் விளக்கப் பார்த்தேன். பெரிய மனுசன், சின்ன மனுசன் என்று தொடங்கியதும், மலைக்குப் போகும் ஆட்கள் எல்லோரும் என்னையும் குதிரை மேலிருந்த துரையையும் மாறிமாறிப் பார்த்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டேன். "அவர் மேல குத்தம் இல்ல" என்பதை மட்டும் இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். அவர் தங்கை கடைசி வரிசையில் கூடையோடு நின்றாள். முக்காட்டை இழுக்கவில்லை.

அன்று மாலை லயத்தில் என் பேச்சுதான். பித்தளைச் செம்பில் இரும்புக் கரண்டி போடலாமா என்று மூன்று பெண்கள் என் வாசலுக்கே வந்து கேட்டார்கள். போடலாம் என்றேன், பிறகு யோசித்து, ராத்திரி முழுக்க ஈரத்தோடு போட்டு வைக்க வேண்டாம் என்றேன். என் பெண்சாதி அன்றோடு கரண்டியையும் செம்பையும் வெவ்வேறு மூலையில் வைத்தாள். எது சரி என்று எனக்கே தெரியாதபோது அவளை என்ன சொல்வது?

தங்கை மகளின் காது குத்துக்கு அண்ணன் வந்தார். பெரட்டில் நடந்ததைத் தங்கை சொல்லி அனுப்பியிருந்தாளாம். விசேஷம் முடிந்து லயத்தில் நான் குடியிருந்த காம்பராவுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தார். பூனாகலையிலும் அவரை ஸ்டோருக்கு எடுத்துவிட்டார்கள். திரும்பி வருகிறீர்களா என்று கேட்டேன். "எதுக்கு? அங்க என்னை என் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அப்போது எனக்கு வேறொரு தலைவலி இருந்தது. பித்தளை ஆணிதான் நல்லது என்று நினைத்து, மிச்சமிருந்ததையெல்லாம் போன மழைக்கு முன்னால் ஸ்டோர்க் கூரைத் தகரத்துக்குப் போட்டிருந்தேன். துத்தநாகம் பூசிய நல்ல தகரம். இப்போது ஒரு இடத்தில் ஒழுகிற்று. அதைச் சொன்னதும் அவர் எழுந்துவிட்டார்.

"வாங்க பாப்போம்."

ஏணியைச் சாத்தி நான் மேலே ஏறினேன். பித்தளை ஆணிகள் மஞ்சளாக மின்னின. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு சதக் காசு அகலத்துக்குத் தகரம் வெளுத்து, பூச்சு போய், சிவப்புத் துரு ஓடியிருந்தது. ஒரு இடத்தில் விரல் உள்ளே போயிற்று. மற்ற இடத்தில் தகரம் புதிது.

"என்னா, ஆணி போயிருச்சா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"ஆணி நல்லாருக்குண்ணே. தகரம் போயிருச்சு."

குனிந்து பார்த்தேன். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் மேலே பார்த்தபடி இருந்தார்.

"அப்போ இங்க யாரு பெரிய மனுசன்?"

"பித்தளைதான் போல. தகரத்துல பூசியிருக்கிறது இரும்பவிட இன்னும் சின்ன ஆளா இருக்கும்."

"அப்போ இதுக்கு எந்த ஆணி?"

"அதே பூச்சு பூசின ஆணின்னு நினைக்கிறேன். தெரியலண்ணே."

அவர் சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். எனக்கும் சிரிப்பு வந்தது. ஏன் வந்ததென்று விளங்கவில்லை. திருப்புளியை இடுப்பிலிருந்து எடுத்து, பித்தளை ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டேன். வண்டிக்கு நேரமாகும்வரை அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.